கூட்டத் திடலில் ஒரு முகூர்த்தக்கால்

வாசகப் பெருமக்களே, இந்த வாரம் உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அந்தப் பந்தலைப் போட்டவருடைய மகன். ஆகவே என் சொல்லை அப்படியே ஏற்க வேண்டாம். என்னோடு புத்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் திடலுக்கு வாருங்கள். அங்கே தனியாக நிற்கும் அந்தக் காலைக் கண்ணால் பாருங்கள். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வைகாசிக் காலை. வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. திடலின் ஈசானிய மூலையில் ஒரு சவுக்குக் கால். அடி முதல் நுனி வரை மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, உச்சியில் மாவிலைக் கொத்தும் நவதானியம் முடிந்த மஞ்சள் துணியும் கட்டியிருக்கிறது. காலடியில் பால் ஊற்றிய ஈரம் காயவில்லை. அதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.

அதற்குப் பக்கத்தில் மேடைப் பலகைகள். பலகைகளின் மேல் சுருட்டி வைத்த துணிப் பதாகைகள். ஒன்று மட்டும் காற்றில் பாதி விரிந்து கிடக்கிறது. தெலுங்கில் எழுதியிருப்பதைப் படிக்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் சிரமமில்லை: ‘எங்கள் ஜில்லாவில் ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம்.’

அந்தக் கால் என் அக்காள் சரசுவின் கல்யாணத்துக்காக மஞ்சள் பூசப்பட்டது. அந்தத் திடலோ, அப்போது ஆந்திராவில் இருந்த திருத்தணிப் பகுதியைச் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று முழங்கப் போகிற கூட்டத்துக்காக எடுக்கப்பட்டது. அக்காளுக்கு மாமனாராக வரப்போகிறவர், திருத்தணியைச் சென்னையோடு சேர்த்தே தீரவேண்டும் என்று சிறைக்குப் போய் வந்தவர்.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தன என்பதைச் சொல்வதற்கு முன், காலை நட வைத்த மனிதரைச் சொல்ல வேண்டும்.

பந்தல் மேஸ்திரி

என் தந்தையார், எங்கள் வாய்க்கு நைனா, போன மாசியில் காலமானார். எழுபதைக் கடந்து வெகு காலமாயிற்று என்பது அம்மாவின் கணக்கு. அவருக்குக் கோவிந்தசாமி என்று ஒரு பெயர் இருந்தது; புத்தூரிலிருந்து திருப்பதி வரை அதை அறிந்தவர் சிலரே. ‘பந்தல் மேஸ்திரி’ என்றால் அறியாதவர் இல்லை.

இளம் வயதில் நாராயணவனத்துக் கல்யாண உற்சவத்துக்குத் தென்னங்கீற்றுச் சுமந்து தொழிலைத் தொடங்கியவர். பிறகு ரேணிகுண்டாவில் ரயில்வேக்காரர் வீட்டுக் கல்யாணங்கள், புரட்டாசியில் திருப்பதிக்கு வரும் யாத்திரிகர்களுக்கு நிழற்கொட்டகைகள். கயிற்றை முதல் நாளே தண்ணீரில் ஊறப் போடுவார். ஈரக் கயிற்றில் போட்ட முடிச்சு வெயில் ஏற ஏற இறுகும். அதனால் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் எந்நேரமும் ஊறிய தேங்காய் நாரின் வாசனை. இன்று சென்னையில் மழை பெய்து எங்காவது கயிற்றுக் கட்டில் நனைந்தால், நான் புத்தூருக்குப் போய்விடுகிறேன்.

கல்யாண வீட்டுக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் பந்தியில் உட்காரமாட்டார். “வூட்ல அவ துன்னாம குந்திக்கினு இருப்பா” என்று சொல்லிவிட்டு, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து அம்மாவோடு கூழ் குடிப்பார். அம்மா அதற்காக அவரைத் திட்டுவாள். “பாயசம் போட்டாங்களாமே, துன்னுட்டு வர்றதுக்கு இன்னா?” திட்டிக்கொண்டே அவருக்கு முதலில் ஊற்றுவாள்.

வீட்டில் குழந்தை பிறந்தால் தூளிக்குக் கயிறு அவரேதான் திரிப்பார். உத்தரத்தில் கட்டியதும் குழந்தையைப் போடமாட்டார். முதலில் தாமே இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். மீசை வைத்த பெரிய மனிதர் உத்தரத்தில் ஆடுவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் கூடுவார்களாம். சரசுவுக்கும் எனக்கும் கூட அப்படித்தான் ஆடினாராம்.

சென்ற வாரம் நான் பேசிய மேடைகளைப் பற்றி எழுதினேன். அவற்றில் பாதிக்கு மேல் நைனா கட்டியவை. ஆந்திர ராஜ்யம் பிறந்ததைக் கொண்டாடிய கூட்டத்துக்கு அவர்தான் பந்தல் போட்டார். அந்த ராஜ்யத்தில் எங்களை அடைக்காதே என்று நாங்கள் முழங்கிய கூட்டத்துக்கும் அவர்தான் போட்டார். அதே கீற்று, அதே கால்கள். நான் ஒருமுறை கொதித்துப்போய், எப்படி மனம் வருகிறது என்று கேட்டேன்.

“இன்னாடா பண்றது? இந்த ஊர்ல பந்தல் போடறவன் நான் ஒருத்தன்தான்.”

சொற்பொழிவாளர்களை அவர் காதால் அல்ல, மேடையால் எடைபோட்டார். காலை உதைத்துப் பேசுகிறவர் வந்தால் நடுவில் ஒரு முட்டுக்கட்டை சேர்ப்பார். திருப்பதிக் கல்லூரியில் நான் பரிசு வாங்கிய ஆண்டு, புத்தூரில் என் பேச்சுக்குக் கட்டிய மேடையில் இரண்டு கட்டை சேர்த்திருந்தார். எனக்குக் கிடைத்த விருதுகளில் அதை நான் முதலில் வைக்கிறேன்.

இன்னொரு பழக்கம். கல்யாணமோ, கூட்டமோ, துக்கமோ, எந்தப் பந்தலானாலும் முதல் காலுக்கு ஒரு கை மஞ்சள் பூசாமல் நடமாட்டார். அந்தப் பழக்கம்தான் எங்களைத் திடலில் கொண்டு நிறுத்தியது.

முனுசாமி எடுத்துப்போன கால்

சரசு அவருக்குக் கடைசிப் பெண். மூத்த பெண்களையெல்லாம் தம் கைப்பந்தலின் கீழ்க் கட்டிக்கொடுத்துவிட்டார். சரசு கழுத்திலும் தாலி ஏறிவிட்டால் கடப்பாரையைக் கீழே வைத்துவிடுவதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். வரன் திருத்தணி ஏகாம்பரம் வீட்டிலிருந்து வந்தது. பையன் தறி போட்டிருந்தான், குணமானவன். அவன் தகப்பனார்தான் நெருப்பு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை கூட்டம். கூட்டத்தை நடத்துகிறவர் அரிசி மில் ரங்கய்யா நாயுடு. இரண்டு பந்தலையும் நைனாதான் போடவேண்டும். ஒன்று எங்கள் வீட்டு வாசலில், மற்றது திடலில்.

கூட்டத்துக்கு முந்தின நாள், முகூர்த்தக்கால் நடும் காலை. வாசலில் குழி தோண்டியாயிற்று. சுமங்கலிகள் ஐவர் முற்றத்தில் காலைக் கிடத்தி மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலையும் தானிய முடிச்சும் கட்டிச் சுவரில் சாய்த்தார்கள். பால் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சரசுவை அழைத்துவர உள்ளே போனார்கள். சேலை மாற்றுவதில் பெண்களுக்குள் ஒரு விவாதம், நேரமாயிற்று.

நைனா கிணற்றடியில் கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்: “டேய் முனுசாமி, நேரம் போவுது. மொதல் காலை எடுத்துக்கினு போய்த் திடல்ல நட்டுடு!”

முனுசாமி நைனாவோடு தலை நரைத்த ஆள். அவன் எடுக்கவேண்டிய கால், ஒரு கை மஞ்சளோடு தெருச் சுவரில் சாய்ந்திருந்தது. அவன் முற்றத்துக் காலை எடுத்துத் தோளில் வைத்தான். பால் செம்பையும் விடவில்லை. நல்ல நேரம் முடிவதற்குள் திடலில் நட்டு, பாலை ஊற்றி, கும்பிட்டுவிட்டு வந்தான்.

“இன்னாடா இப்பிடிப் பண்ணிட்ட?” என்று அம்மா அலறியபோது அவன் திகைத்து நின்றான்.

“மந்திரி வராருன்னாங்கோ. அதான் மேஸ்திரி இந்தத் தபா கொஞ்சம் பெர்சா பண்ணிக்கிறாருன்னு நென்ச்சிக்கினேன்.”

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் முகூர்த்தக்காலை நட்டபின், தாலி ஏறும்வரை பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அந்தக் கல்யாணத்தையே பிடுங்கியதாக அர்த்தம். ஒரு பெண்ணுக்கு இரண்டு கால் நடும் வழக்கமும் கிடையாது.

நைனா திடலுக்கு ஓடினார். காலைச் சுற்றி வந்தார். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். வேலை நடக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பெண்ணின் கல்யாணம் எதிரே மஞ்சளும் குங்குமமுமாக, ஆனால் வேறொருவர் கூட்டத்தில், நின்றுகொண்டிருந்தது.

எழுந்தபோது முடிவோடு எழுந்தார்.

“காலு எங்க நின்னுச்சோ அங்கதான் பந்தலு. சரசுவுக்கு இங்கதான் கல்யாணம்.”

வீட்டில் செய்தியைக் கேட்ட சரசு, சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏன்டா, நீ கத்துற மேடையிலயா எனக்குத் தாலி? மைக் செட்டுக்காரனைப் போவச் சொல்லாதீங்க, மேளத்துக்கு ஆவும்.” சிரித்தாள். ஆனால் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நடுவில் நின்றவர்

நாயுடுவின் இளைஞர்கள் முதலில் வந்தார்கள். இது தமிழர்கள் வேண்டுமென்றே செய்த குறும்பு என்று அவர்களுக்குத் தோன்றியது. “பீகேயண்டி!” என்று ஒருவன் கத்தினான், பிடுங்குங்கள் என்று பொருள். நைனா காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மஞ்சள் அவர் கன்னத்தில் அப்பியது.

நாயுடு வந்து அவர்களை விலக்கினார். “ஏமண்டி மேஸ்திரி, இதென்ன கூத்து? பெரிய பெரிய ஆளுங்க வராங்க. என் கூட்டத்துல கல்யாணப் பந்தல்னு ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும் நாயுடு. கல்யாணத்துல சிரிச்சா நல்லதுதானே. நீ நாளைக்குச் சாயங்காலம் பேசி முட்ச்சிடு. நான் மறாநாள் விடியக்காலம் தாலி கட்டிக்கினு போய்டறேன்.”

நாயுடு யோசித்தார். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பந்தல் போட்ட கை அது. கடைசியில் தலையசைத்தார். “சரே. ஆனா உன் சம்பந்தி ஏகாம்பரம் இந்தத் திடல்ல காலு வைக்கக் கூடாது. திருத்தணிக் கூட்டத்துல என் பேரைச் சொல்லி மண் திருடன்னு பேசினான்.”

மாப்பிள்ளையின் தகப்பன் இல்லாமல் கல்யாணமா? கால் நட்டபின் வீட்டார் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே நைனாவாலும் என்னாலும் திருத்தணிக்குப் போய்ச் சமாதானம் சொல்ல முடியாது. தவறு செய்த முனுசாமியையே ரயிலேற்றி அனுப்பினோம். அவன் அங்கே போய் எப்படிச் சொன்னானோ, மறுநாள் முற்பகல் பாசஞ்சரில் ஏகாம்பரம் வந்து இறங்கினார். கையில் குடை, முகத்தில் போர்.

திடலின் ஓரத்தோடு நின்றுவிட்டார். உள்ளே நாற்காலியில் நாயுடு. நடுவில் நைனா. இருவர் குரலும் இருவருக்கும் நன்றாகக் கேட்டது. ஆனாலும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள்.

“மேஸ்திரி, அந்தாளாண்ட சொல்லுங்க. அவன் பந்தல்ல என் புள்ள குந்த மாட்டான்.”

நைனா கழுத்தைத் திருப்பினார். “நாயுடு, புள்ள குந்த மாட்டானாம்.”

“யாரு வெத்தலை பாக்கு வச்சிக் கூப்பிட்டாங்களாம்னு கேளு.”

“சம்பந்தி, யாரு கூப்பிட்டதுன்னு கேக்கறாரு.”

“அப்ப அந்தக் காலைப் பிடுங்கிப் போடச் சொல்லுங்க!” என்று சொல்லிவிட்டு ஏகாம்பரம் சட்டென்று நிறுத்தினார். தம் வாயால் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. அவர் மகனுடைய முகூர்த்தக்கால் அல்லவா அது? வலக்கையால் இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

நான் முன்னே வந்தேன். இருவரையும் கட்டிப்போடும் ஒரு சொற்பொழிவு என் தொண்டையில் தயாராக இருந்தது. “நீ கம்னு இரு” என்றார் நைனா. அவர் முகத்தில் வியர்வையும் மஞ்சளும் சேர்ந்து வழிந்துகொண்டிருந்தன.

ஏகாம்பரம் குடையைக் கக்கத்தில் இடுக்கி, ரயில் நிலையத்தின் பக்கம் திரும்பினார். “தேதியை மாத்திக்கலாம் மேஸ்திரி. இல்லன்னா வேற எடம் பாத்துக்கோங்க. பொண்ணு நல்ல பொண்ணுதான். எங்க தலையெழுத்து.”

நைனா திரும்பி வந்து முகூர்த்தக்காலைப் பிடித்துக்கொண்டார்.

பெண் வீட்டு மூத்தவர்

அப்போதுதான் அம்மா வந்தாள். சுமங்கலிகள் பின்னால் வர, கையில் தட்டு, தட்டில் சந்தனக் கிண்ணம். யாரையும் பார்க்காமல் நேரே நாயுடுவிடம் போனாள்.

“நாயுடு, திடலு யார் பேர்ல வாங்கிக்கிது?”

“என் பேர்லதான் அக்கா.”

“அப்ப காலு நின்ன மண்ணு உன்னுது. வாசல் இல்லாதவங்க பக்கத்து வூட்டு மண்ணுல காலு நட்டா, அந்த மண்ணுக்காரன்தானே பொண்ணு வூட்டுக்கு மூத்தவன்? நம்ம பக்கத்து மொறை உனக்குத் தெரியாதா? புள்ள வூட்டுக்காரருக்கு மொதல் சந்தனம் நீ குடுக்கணும். அவரு வாசல்ல நின்னுக்கினு கீறாரு. நீ குந்திக்கினு கீற.”

இளைஞர்கள் சிரித்தார்கள். நாயுடு சிரிக்கவில்லை. அவருக்குப் பிறந்ததெல்லாம் ஆண் பிள்ளைகள். எத்தனையோ வீடுகளில் மாப்பிள்ளையின் தகப்பனாகச் சந்தனம் வாங்கிக்கொண்டவர். பெண் வீட்டாராக நின்று யாருக்கும் கொடுத்தவரில்லை. தட்டைப் பார்த்தார். மேல்துண்டில் கையைத் துடைத்தார். இன்னொருமுறை துடைத்தார். எழுந்து கிண்ணத்தை எடுத்துக்கொண்டு திடலின் ஓரத்துக்கு நடந்தார்.

பெண் வீட்டார் நீட்டும் சந்தனத்தை மறுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று பொருள். ஏகாம்பரத்துக்கு அது தெரியும். நைனாவுக்கும் தெரியும், அவர் முகூர்த்தக்காலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஏகாம்பரம் குடையைக் கீழே வைத்தார். “மண் திருடன்னு சொன்னது சொன்னதுதான். அந்தப் பேச்சை நான் மாத்திக்க மாட்டேன்.”

“மாத்திக்க வேணாம். நானும் மாத்திக்க மாட்டேன். கையை நீட்டு.”

கையை நீட்டினார். நாயுடு சந்தனத்தை அவர் புறங்கையில் தடவி, தெலுங்கில் முறைப்படி அழைத்தார்: “தயசேசி லோபலிக்கி ரண்டி.” தயவுசெய்து உள்ளே வாருங்கள். ஏகாம்பரம் செருப்பைக் கழற்றிவிட்டுத் திடலுக்குள் காலை வைத்தார்.

கூட்டம் நடந்தது. ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று மாவிலைத் தோரணத்தின் கீழ் முழங்கினார்கள். பொழுது புலர்ந்ததும் அதே மேடையில் மணவறை. பின்னாலிருந்த பதாகையை அம்மாவின் பட்டுச் சேலைகளைக் கொண்டு மறைத்தார் நைனா. திருத்தணியிலிருந்து வந்த ஏகாம்பரத்தின் கட்சிக்காரர்கள், ஜரிகை வேட்டியில் பன்னீர் தெளித்து வரவேற்ற நாயுடுவைக் கண்டு பந்தல் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

கெட்டிமேளம் முழங்கிய கணத்தில் நான் நைனாவைத் தேடினேன். வாழ்நாள் பழக்கம், அவர் அண்ணாந்து முடிச்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தலையைக் குனிந்தார். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தார். துண்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு அழுதார்.

மறுநாள் ரயிலில் பெண்ணை அனுப்பினோம். சரசு ஜன்னலோரம். அவள் பக்கத்தில் ஏகாம்பரம். பிளாட்பாரத்தில் நாங்கள், எங்களோடு நாயுடு. கார்டு கொடியை எடுத்த நேரத்தில் ஏகாம்பரம் ஜன்னல் வழியே குரலை உயர்த்தினார். சமாதானமா சவாலா என்று எனக்கு விளங்கவில்லை.

“மேஸ்திரி, ஆடிக்குப் பொண்ணை அழைக்க வரணும். பொண்ணு வூட்டு மூத்தவரு வருவாரா எங்க ஊருக்கு? அவரு பேரைச் சொன்னாலே அங்க கல்லு எடுக்கறாங்க.”

நாயுடு சிக்னலைப் பார்த்தார். சரசு கம்பியைப் பிடித்தபடி நைனாவைப் பார்த்தாள். எந்த ராஜ்யத்துக்கு எந்த ஊர் என்று டில்லியில் இன்னும் முடிவாகாத காலம். போகிற பெண் திரும்பி வருவதற்குள் நடுவே என்னவெல்லாம் விழுமோ, யாருக்கும் தெரியாது.

வண்டி அசைந்தது. மேடைகளைக் கட்டினாரே தவிர, பத்துப் பேர் நடுவில் உரக்கப் பேசியறியாத என் நைனா, ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு வண்டியோடு நடந்தார். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

“சம்பந்தி, கேட்டுக்கோங்க. உங்க ஊரு எந்த ராஜ்யத்துக்கு வேணா போவட்டும். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி நாயுடுவைக் கையைப் புட்ச்சி இட்டுக்கினு வந்து உங்க வாசல்ல நிறுத்துவேன். எம் பொண்ணை இட்டுக்கினு போவேன். எவன் கல்லு எடுக்கறான்னு பாக்கறேன்.”